ஆர்ட்டின் ஏழு

சீட்டுக்கட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு கிருபானந்தம் எதிரில் வந்து நிற்கும்போதெல்லாம் ஜெபகனியின் கையில் வேறு ஏதாவது ஒன்று இருக்கும். களி கிண்டுகிற துடுப்பு இருக்கும். இல்லாவிட்டால் பிழியாத ஈரச்சேலை இருக்கும். அதுவும் இல்லையென்றால் அவனுடைய புண்ணுக்கே போடுவதற்காகக் காய்ச்சிய வேப்பெண்ணெய்க் கிண்ணம் இருக்கும். அதையெல்லாம் அவன் கவனிப்பதாகத் தெரியவில்லை.

"எதை வேணும்னாலும் எடுமே."

"களி அடி பிடிக்குதுய்யா."

"ஒண்ணே ஒண்ணு. எடுத்துட்டு நீ பாட்டுக்குக் கிண்டு."

சீட்டுகளை அவன் ஒரு கையில் வளைத்துப் பிடித்து, சரசரவென்று மறு கைக்கு விழவிடுவான். நிறுத்து என்று அவள் சொல்ல வேண்டும். நிறுத்திய இடத்தில் இருக்கிற சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருக வேண்டும். அப்புறம் அவன் கண்ணை மூடிக்கொண்டு, தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்கிறவன்போலத் தலையைச் சாய்ப்பான்.

"ஆர்ட்டின் ஏழு."

அதுதான். நேற்றும் அதுதான், போன வாரமும் அதுதான். முதல்முறை ஜெபகனி வாயைப் பிளந்தது உண்மை. சீட்டு என்பது அவள் பிறந்த வீட்டிலும் இல்லை, புகுந்த வீட்டிலும் இல்லை. சபையில் உபதேசியார் அதைச் சாராயத்தோடு சேர்த்துத்தான் சொல்லுவார். இதய வடிவத்தில் சிவப்புப் புள்ளிகள் போட்டதற்கு ஆர்ட்டின் என்று பெயர் என்பதே இவன் சொல்லித்தான் தெரியும். மற்றபடி ஒரு கட்டில் என்னென்ன இருக்கும், எத்தனை இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஆச்சரியம் போன பிறகு எரிச்சல்தான் மிஞ்சியது. வேறு ஒன்று வரவே வராதா என்று கேட்டால், உன் ராசி அப்படி என்று சொல்லிவிட்டுச் சிரிப்பான். எப்படிச் செய்கிறான் என்று மட்டும் சொல்ல மாட்டான். மூர் மார்க்கெட்டில் அந்தக் கட்டை விற்றவன், கட்டின பெண்டாட்டிக்கும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டானாம்.

சிரிக்கிற நிலைமையில் அந்த வீடு இல்லை. ஆம்பூரில் மஹபூப் பாஷாவின் தோல் பதனிடுகிற ஷாப்பில் கிருபானந்தம் மீசை முளைக்காத வயதிலேயே சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கியவன். ஊறிய தோலைக் கையால் புரட்டிப் போட்டு, தூக்கிக் கரையில் அடுக்கி, மறுபடியும் இறக்கி, அதே வேலையில் வருஷங்கள் போய்விட்டன. இப்போது விரல் நுனிகள் வெடித்து, பிளவுகளுக்குள் வெள்ளையாகச் சுண்ணாம்பு உட்கார்ந்திருந்தது. ராத்திரியில் மூடின கண் மூடியபடியே எரிச்சலில் கையைக் காற்றில் வீசுவான். வேலூரில் டாக்டரம்மா அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இனிமேல் இது சுண்ணாம்பைத் தொட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருந்தாள். ஈரம் படாத வேலை பார்த்துக்கொள் என்றாள்.

ஈரம் படாத வேலை ஷாப்பில் சிலதுதான். கேட்டைக் காக்கிற வேலை அதில் ஒன்று. கேட்டில் இருந்த கோதண்டராமன் குடியாத்தத்தில் மகளோடு போய் இருக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஸ்டூல் காலியாகும். அதில் தன் புருஷனை உட்கார வைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர ஜெபகனிக்கு அந்த ஐப்பசியில் வேறு ஜெபம் கிடையாது.

ஜெபத்தைவிட நேராகப் போய்க் கேட்பது மேல் என்றும் அவளுக்குத் தோன்றும். அதைச் சொன்னால்தான் சண்டை வரும்.

"வாயத் தொறந்து கேட்டா இன்னாய்யா? மொதலாளி, கை போயிடுச்சு, கேட்ல போடுங்கன்னு ஒரு வார்த்த."

"கேட்டு வாங்குனா பிச்சமே. அவரா சந்தோசப்பட்டுக் குடுத்தாத்தான் மரியாத."

"வெரலு போனப்பறம் மரியாதய எதுல புடிப்ப?"

வித்தை காட்டி முதலாளியைச் சந்தோஷப்படுத்துகிற யோசனையை அவனுக்குக் கொடுத்தது மேஸ்திரி ஆபித் பாஷா. லோடு ஏற்றிக்கொண்டு மதராஸுக்குப் போனபோது இரண்டு பேருமாகத்தான் மூர் மார்க்கெட்டில் அந்த வித்தையைப் பார்த்தார்கள். மேஸ்திரி தமாஷ் பிரியர். மழை விட்டதும் மதராஸ் கம்பெனியிலிருந்து சரக்கு பார்க்க ஆள் வருவார்கள், முதலாளி விருந்து வைப்பார், சாப்பிட்டு வெற்றிலை போடுகிற நேரத்தில் நீ இந்த வித்தையைக் காட்டு, அவர் குஷியாக இருக்கும்போது கேட் விஷயத்தை நான் காதில் போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். அதோடு கிருபானந்தத்துக்குப் பித்துப் பிடித்தது. வெடித்த விரலை வைத்துக்கொண்டு சீட்டைச் சரசரக்கப் பழகினான். ரத்தம் பட்ட சீட்டைத் துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்தான். புண்ணுக்கு எண்ணெய் போட விட மாட்டான், சீட்டில் கறை படும் என்பான். ஜெபகனி அந்தக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது, இந்த ஆளைக் கொண்டுபோய்க் குழியில் தள்ளிவிட்டு நாமும் குதித்துவிடலாமா என்று வரும்.

ஆனாலும் அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. எதை வேணும்னாலும் எடு என்கிற அந்த வார்த்தை அவளுக்குப் பிடித்திருந்தது. வேறு யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. கல்யாணத்துக்கு மூன்று ஞாயிறும் சபைக் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து முடித்த பிறகுதான் மாமன் வந்து, சம்மதம்தானே என்று கேட்டார். அவளும் அதே ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்த அன்று, இதுதான் உன் கத்தி, இதுதான் உன் இடம் என்று காட்டினார்கள். அதனால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தாலும், வைதுகொண்டே எடுத்தாலும், ஜெபகனி யோசித்துத்தான் எடுத்தாள். ஒருநாள் சீக்கிரமாக நிறுத்தச் சொல்வாள், ஒருநாள் கடைசிவரை விட்டுவிட்டு நிறுத்தச் சொல்வாள். இன்றைக்கு இவனுக்குத் தெரியாத ஒன்றை எடுத்துக் காட்டிவிட வேண்டும் என்று ஒரு சின்னப் பிடிவாதம் உள்ளே இருந்தது.

மழை ஒரு வாரம் விடவில்லை. தோல் காயவில்லை. தோல் ஊறுகிற ஆவாரம்பட்டைத் தொட்டியிலிருந்து கிளம்புகிற வாடை மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே படுத்துக் கிடந்தது. திங்கட்கிழமை மதராஸ் ஆட்கள் வருவதாக முடிவானதும் கிருபானந்தம் சீட்டைத் துணியில் சுற்றிக் கூரை மூங்கிலில் செருகிவிட்டான். வெள்ளிக்கிழமையிலிருந்து தொடவில்லை. அதுவரையாவது விரல் ஆறட்டும் என்று, மாதக் கணக்காக அவள் கெஞ்சின வேப்பெண்ணெயைத் தானே போட்டுத் துணி கட்டிக்கொண்டான். அதிலும் அவளுக்கு எரிச்சல்தான். அவள் சொன்னதற்காக இல்லை, சீட்டுக்காக.

சனிக்கிழமை வேலை பாதி நாளோடு நின்றது. குழிக்குள் மழைத் தண்ணீர் இறங்கிவிட்டதென்று ஆண்களை மட்டும் இறைக்க நிறுத்திக்கொண்டார்கள். ஜெபகனி வீட்டுக்கு வந்தபோது கூரை ஒழுகி, அந்த மூங்கில் வழியாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. துணி மூட்டையை இழுத்தாள். மேல்துணிதான் நனைந்திருந்தது. ஈரம் உள்ளே போயிருக்குமோ என்று பயந்து, பாயை விரித்து, சீட்டுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பரப்பினாள்.

ஆர்ட்டின் ஏழு. அடுத்தது வேறு ஏதோ கறுப்பு. அதற்கடுத்தது ஆர்ட்டின் ஏழு. பிறகு ஒரு ராஜா. மறுபடியும் ஆர்ட்டின் ஏழு.

பாய் நிறைந்தபோது பாதிப் பாய் சிவப்பாக இருந்தது. ஜெபகனி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வித்தை இவ்வளவுதானா என்று தோன்றவில்லை. தான் யோசித்து யோசித்து எடுத்ததெல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. இன்றைக்கு மேலாக, இன்றைக்குக் கீழாக என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றபோது அவன் உள்ளுக்குள் சிரித்திருப்பான். உன் ராசி அப்படி என்றானே. அடுப்பு அவிந்திருந்தது, இல்லாவிட்டால் அத்தனையையும் அள்ளிப் போட்டிருப்பாள். அடுப்பு மூட்டக்கூட எழுந்தாள். விறகு ஈரம். அந்த விறகோடு மல்லுக்கட்டி, புகையில் கண் கரித்து, மறுபடியும் வந்து பாயில் உட்கார்ந்தபோது கோபத்தின் சூடு கொஞ்சம் இறங்கியிருந்தது. ஏமாற்றுகிறவன் ஏமாற்றிவிட்டுப் போகட்டும், கேட் வேலை கிடைத்தால் சரி.

சீட்டுகளை முன்பிருந்த வரிசையிலேயே அடுக்கி, இரண்டு கையாலும் தட்டிச் சமப்படுத்தினாள். அப்போதுதான் கட்டைவிரல் நின்றது.

ஜெபகனி ஷாப்பில் ஓரம் வெட்டுகிறவள். பதப்படுத்திக் காய்ந்து வந்த தோலின் பிசிறையும் கோணலையும் சீவி, ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பெஞ்சுக்குத் தள்ள வேண்டும். அந்த விரலுக்கு இந்தக் கட்டு சமமாக இல்லை. ஒன்று விட்டு ஒன்று உள்ளே போயிருந்தது. இழுத்துப் பார்த்தாள். ஏழுகளெல்லாம் குட்டை, மற்றதெல்லாம் நகக்கண் அளவுக்கு நீளம்.

நன்றாக ஏமாற்றியிருக்கிறான் மூர் மார்க்கெட்காரன் என்று நினைத்தாள். பாதிக்குப் பாதி ஒரே சீட்டாகக் கலந்ததுதான் சூட்சுமம். அதை இரண்டு இடத்தில் அச்சடித்து வாங்கி, அளவு பார்க்காமல் சேர்த்துத் தலையில் கட்டிவிட்டான். இந்த ஆளும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கி வந்திருக்கிறான். வரப்போகிறவர்களோ தோல்காரர்கள். ஓரம் தடவாமல் எதையும் கையில் வாங்க மாட்டார்கள். முதல் ஆள் தொட்டதுமே, இதென்ன ஏறுமாறாக இருக்கிறது என்று கேட்டுவிடுவான். அதோடு கேட் போயிற்று.

கத்தியைக் கல்லில் தீட்டினாள். அம்மிக்குப் பக்கத்தில் கிடந்த பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு ஏழை மேலே வைத்து அளவு பிடித்து, நீளமான சீட்டுகளை ஒவ்வொன்றாகச் சீவினாள். முடி மாதிரிப் பிசிறு விழுந்தது. எல்லாம் முடிந்து அடுக்கித் தடவியபோது ஒரே மரத்துண்டைத் தடவுகிற மாதிரி இருந்தது. யாரும் வெட்டச் சொல்லாமல் அவள் வெட்டிய முதல் ஓரம் அதுதான். மனசு நிறைந்துபோய், வேறு துணியில் சுற்றி, ஒழுகாத மூங்கிலில் செருகினாள். அவனிடம் சொல்லவில்லை. அவன் மட்டும் சொன்னானா?

திங்கட்கிழமை வெயில் அடித்தது. விருந்துச் சமையலின் நெய் வாசனை தோல் வாடைக்கு நடுவில் தனியாக ஒரு வழி போட்டுக்கொண்டு வந்து பெண்களின் பெஞ்சை அடைந்தது. பக்கத்தில் ஓரம் வெட்டிக்கொண்டிருந்த அமிர்தவள்ளி மூக்கை உயர்த்தி, நமக்குப் பத்தியம்போல வாசனை மட்டும்தான் எழுதியிருக்கிறது என்றாள். அப்புறம் ஜெபகனியைப் பார்த்து, "உன் ஊட்டுக்காரரு இன்னிக்கு மந்திரவாதியாமே. என் மாமியாக்காரிய மறைய வெக்கச் சொல்லேன்" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். ஜெபகனி வெட்டிய ஓரத்தையே மறுபடியும் வெட்டினாள்.

தரம் பிரிக்கிற கூடத்தில் ஜமக்காளம் விரித்து, மதராஸ் ஆட்கள் இருவரும் முதலாளியும் உட்கார்ந்திருந்தார்கள். வேலை செய்கிறவர்களையும் வந்து பார்க்கச் சொல்லி மேஸ்திரி ஆள் அனுப்பியதால் பெண்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். கிருபானந்தம் கோயிலுக்குப் போடுகிற சட்டையைப் போட்டிருந்தான். விரல் கட்டை அவிழ்த்திருந்தான். சலாம் வைத்துவிட்டுத் துணியைப் பிரித்தான்.

சீட்டை வளைத்து விழவிட்டான். முதல் வளைப்பிலேயே அவன் முகம் மாறியதை ஜெபகனி பார்த்தாள். கட்டைத் திருப்பிப் பார்த்தான், மறுபடி விட்டான். கண்ணாடி போட்டிருந்த மதராஸ்காரர் நிறுத்து என்று சொல்லி ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுச் செருகினார். கிருபானந்தம் தலையைச் சாய்த்தான். இந்தத் தடவை நிஜமாகவே யாரையோ கூப்பிடுகிறவன் மாதிரி இருந்தது.

"ஆர்ட்டின் ஏழு."

"இஸ்பேடு பத்துப்பா" என்றார் அவர்.

கூடம் சிரித்தது. மேஸ்திரி, கை வழுக்கிவிட்டது, மறுபடியும் பாருங்கள் என்று சமாளித்தார். மறுபடியும் காட்டினான். அடுத்தவர் எடுத்தது ஒரு ராணி. பாதிக்குப் பாதி ஏழு இருந்தும் ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. மூன்றாவது முறை அவசரமாக வளைத்ததில் விரல் பிளந்து சீட்டுகள் ஜமக்காளத்தில் சிதறின. ஒரு சீட்டின் முதுகில் ரத்தம் கோடாக இழுத்திருந்தது. கண்ணாடிக்காரர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

முதலாளி மஹபூப் பாஷா அதிகம் பேசாதவர். சீட்டைப் பார்க்கவில்லை, அந்தக் கையைத்தான் பார்த்தார். இந்தக் கையோடு ஒருத்தனை விருந்தாளிகளுக்கு முன்னால் நிறுத்தலாமா என்று மேஸ்திரியை உருதுவில் கடிந்துகொண்டார். பிறகு கிருபானந்தத்திடம், "நீ ஊட்டுக்குப் போ. கை ஆறுனப்பறம் வா. அதுவரிக்கும் குழிக்கு வேற ஆள் பாத்துக்கிறேன்" என்றார்.

அவன் குனிந்து சீட்டைப் பொறுக்கினான். கேட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மேஸ்திரி தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சிதறிய சீட்டுகளுக்கு நடுவில் எல்லாம் ஜெபகனிக்கு விளங்கிவிட்டது. நீளம் நீளமாக இருந்ததும் குட்டை குட்டையாக இருந்ததும் யாரோ அளவு தவறிச் செய்ததில்லை. விரலுக்கு வழி காட்டுவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். அந்த வழியை அவள் மொழுமொழுவென்று சீவி எடுத்திருந்தாள். ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா இந்த ஆள் என்றுதான் முதலில் வந்தது. அமிர்தவள்ளி முந்தானையைப் பிடித்து இழுத்ததையும் பொருட்படுத்தாமல் வாசலைத் தாண்டி உள்ளே போனாள்.

"மொதலாளி, அவரு கை மேல தப்பில்ல. சீட்ட நான் வெட்டிட்டேன்."

கிருபானந்தம் நிமிர்ந்தான்.

"ஒண்ணு நீளம் ஒண்ணு குட்டையா இருந்துச்சு. பாக்குறவங்க தோல்காரங்க, ஓரம் சரியில்லன்னு சொல்லுவாங்கன்னு சீவிட்டேன். அப்படி இருந்தாத்தான் வித்த வரும்னு எனக்குத் தெரியாது. அவரு சொல்லல."

கண்ணாடிக்காரருக்குத்தான் முதலில் புரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வித்தை பலித்திருந்தால்கூட அவர் அவ்வளவு சிரித்திருக்க மாட்டார். முதலாளி கையை நீட்டினார். கிருபானந்தம் கட்டைக் கொடுத்தான். அவர் அதைத் தட்டிச் சமப்படுத்திக் கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினார். அவர் சிரிக்கவில்லை.

நின்றது நின்றாயிற்று என்று ஜெபகனி மேலே பேசினாள். "அந்தக் கைக்கு இனிமே சுண்ணாம்பு ஆவாது மொதலாளி. வெரல எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. கேட்ல போடுங்க. இத மொதல்லயே கேட்டிருக்கணும்."

"கேட்டுக்கு என் மச்சான் ஊர் ஆளு ஒருத்தன் வரான். ரம்ஜானுக்கு முன்னமே பேசி முடிச்சாச்சு. ஆபித்துக்குத் தெரியுமே" என்றார் முதலாளி.

ஆபித் பாஷா தூணிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இன்னொரு தடவை காதில் போட்டால் மனசு மாறும் என்று நினைத்தேன் என்று முணுமுணுத்தார். மாதக் கணக்காகக் களி அடி பிடித்தது, ரத்தம் ஒற்றியது, எண்ணெய் ஆறிப்போனது எல்லாம் ஜெபகனிக்கு ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தன. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் புருஷன், மேஸ்திரி, முதலாளி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

முதலாளி இன்னும் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "ஓரம் வெட்டுற பெஞ்சில ஒரு எடம் கீது. காஞ்ச வேலதான். கூலி கம்மி. பொம்பளைங்களோட குந்துவானா?"

கிருபானந்தம் வாயைத் திறந்தான். ஜெபகனி அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"குந்துவாரு" என்றாள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவன் முன்னால் நடந்தான். பாலாற்று மணலில் வாய்க்காலாக ஓடிய மழைத் தண்ணீரைத் தாண்டும்போதுதான் திரும்பினான்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டியா மே? பொம்பளைங்களோட குந்தணுமா நானு? ஊரு சிரிக்கும்."

"இன்னிக்கு அழுதுச்சா ஊரு?"

"கேக்காம எப்படிச் சொன்ன?"

"நீ என்னைய கேட்டியா?"

"தெனம் கேட்டனே. எதை வேணும்னாலும் எடுன்னு தெனம்தான கேட்டேன்."

"அத்தினியும் ஏழுய்யா" என்றாள் ஜெபகனி. சத்தம் போடவில்லை. "எது எடுத்தாலும் ஏழு. யோசிச்சு யோசிச்சு எடுத்தேன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். யோசித்து எடுத்தாள் என்பது அவனுக்கு இதுவரை தெரியாது. தண்ணீரைத் தாண்டிய பிறகு அவன் முன்னால் நடக்கவில்லை, பின்னாலும் நடக்கவில்லை. வீட்டில் எண்ணெய்க் கிண்ணத்தை அவள் எடுப்பதற்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

மறுநாள் காலையில் பெஞ்சில் அவனுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்த அமிர்தவள்ளி, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, "வாங்க அக்கா" என்றாள். பெஞ்சு முழுக்கக் குலுங்கியது. கிருபானந்தத்தின் காது சிவந்தது. எழுந்து போய்விடுவானோ என்று ஜெபகனி ஓரக்கண்ணால் பார்த்தாள். போகவில்லை. கட்டுப் போட்ட விரல்களை மடியில் வைத்துக்கொண்டு, எதிரில் குவிந்த தோல்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

அவள் பெட்டியிலிருந்து இரண்டு கத்திகளை எடுத்தாள். ஒரே கொல்லன் அடித்தவை, ஒரே மரத்தில் பிடி போட்டவை. இரண்டையும் அவன் முன்னால் நீட்டினாள்.

"எதை வேணும்னாலும் எடு."

அவன் இரண்டையும் பார்த்தான். இடப்பக்கம் கையைக் கொண்டுபோனான், நிறுத்தினான். வலப்பக்கம் கொண்டுபோனான். பெண்கள் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவன் அவசரப்படவில்லை. கடைசியில் இடப்பக்கம் இருந்ததையே எடுத்துக்கொண்டான்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றான்.

"தெரிஞ்சுதான எடுத்த" என்று சொல்லிவிட்டு, ஜெபகனி முதல் தோலை அவன் பக்கமாக இழுத்துப் போட்டாள்.